காகிதத்தில் நடந்த சண்டை

1938-இல் பெய்ஜிங்கில் வெளிவந்த ஒரு யுவான் நோட்டில் கன்பூசியஸ் இருக்கிறார். மார்புக்கு நேராக இரு கைகளையும் குவித்து, எதிரில் இருப்பவருக்கு மரியாதை செய்கிற தோற்றம். ஆனால் பூதக்கண்ணாடியை அந்தக் கைகளின் மேல் வைத்துப் பார்ப்பவர்கள் சிரித்துவிடுகிறார்கள். விரல்கள் மடங்கியிருக்கும் விதம் தெருச்சண்டையில் காட்டுகிற ஆபாசச் சைகை மாதிரியே இருக்கிறது. நோட்டை வெளியிட்டது ஜப்பானிய ராணுவத்தின் தயவில் நடந்த வங்கி. தகட்டில் உருவத்தைச் செதுக்கியவர் சீனர். வாயைத் திறந்து திட்ட முடியாதவர் கன்பூசியஸின் கையால் திட்டிவிட்டார் என்பது சேகரிப்பாளர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை. அவருக்கு மரண தண்டனை கிடைத்தது என்று ஒரு வாலும் ஒட்டியிருக்கிறது. வாலை நம்ப வேண்டிய அவசியமில்லை. நோட்டு இன்றும் கிடைக்கிறது. விரல்களைப் பார்த்து அவரவரே தீர்ப்புச் சொல்லிக்கொள்ளலாம்.

சீனப் போர்க்கால நோட்டுகளைச் சேகரிப்பவர்கள் இப்படித்தான் பார்க்கப் பழகியிருக்கிறார்கள். தலைவர் படம், பெரிய எண், அழகான கோபுரம் ஆகியவற்றை முதல் பார்வையிலேயே முடித்துவிடுவார்கள். பிறகு அச்சகத்தின் பெயர், வரிசை எண், ஊர் முத்திரை, ஓரத்துப் பூவேலை என்று இறங்குவார்கள். இந்த நோட்டுகளில் பெரிதாக அச்சிட்டவை பெரும்பாலும் பொய். உண்மை பொடி எழுத்தில் இருக்கிறது.

முதலில், எதற்காக இத்தனை வகைப் பணம்? சீனா நெடுங்காலம் வெள்ளியில் கணக்குப் பார்த்த நாடு. 1934-இல் அமெரிக்கா வெள்ளியை உயர்ந்த விலைக்கு வாங்கச் சட்டம் போட்டதும் சீனத்து வெள்ளி கப்பல் கப்பலாக வெளியேறியது. கையிருப்பு கரைந்து, வங்கிகள் ஆட்டம் கண்டன. 1935 நவம்பரில் சியாங் கை-ஷேக்கின் அரசு வெள்ளியைக் கைவிட்டு, ‘ஃபாபி’ என்ற காகிதப் பணத்தைச் சட்டப்படி செல்லும் பணமாக அறிவித்தது. மத்திய வங்கி, சீன வங்கி, போக்குவரத்து வங்கி ஆகிய மூன்றும், சற்றுப் பின்னால் விவசாயிகள் வங்கியும் அதை வெளியிட்டன. நாடு முழுவதற்கும் ஒரே பணம் என்ற ஏற்பாடு காலூன்றுவதற்குள், 1937 ஜூலையில் மார்க்கோ போலோ பாலத்தருகே துப்பாக்கி வெடித்தது.

ஜப்பான் ஊரைப் பிடித்ததும் செய்த முதல் வேலைகளில் ஒன்று வங்கி திறப்பது. மஞ்சூரியாவில் ஜப்பான் நிறுவிய மஞ்சூகுவோ அரசுக்கு 1932-லேயே மத்திய வங்கி வந்துவிட்டது. உள் மங்கோலியாவுக்கு மெங்ஜியாங் வங்கி. அதன் நோட்டுகளில் ஒட்டகமும் செம்மறி ஆடுகளும் நடக்கின்றன. வட சீனத்துக்கு 1938-இல் ஐக்கிய ரிசர்வ் வங்கி. ஷாங்காயில் 1939-இல் ஹுவாசிங் வணிக வங்கி. நான்ஜிங்கில் வாங் ஜிங்வெய் நடத்திய பொம்மை அரசுக்கு 1941 ஜனவரியில் மத்திய ரிசர்வ் வங்கி. இவை போதாதென்று ஜப்பானியச் சிப்பாய்கள் கையோடு கொண்டுவந்த ராணுவ நோட்டுகள். ஒரு வியாபாரி இரண்டு மாவட்டம் தாண்டிப் போனால் மடியில் நாலு வகை நோட்டு இருக்க வேண்டும். எதை எந்தச் சாவடியில் காட்டக்கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வட சீனத்தில் 1939 மார்ச் முதல் ஃபாபி தடைசெய்யப்பட்டது. பையில் இருந்தாலே குற்றம்.

படங்களைத் தேர்ந்தெடுத்ததிலும் அரசியல் இருந்தது. சீனக் குடியரசின் தந்தை சன் யாட்-சென் ஃபாபியில் இருந்தார். வட சீன வங்கிக்கு அவர் ஆகாதவர். புராண காலத்து மஞ்சள் பேரரசர், கன்பூசியஸ், போர்வீரர் குவான் யூ என்று பழைய பெரியவர்களைத் தேடிப் போனார்கள். அந்த வரிசையில் யூ ஃபெய்யையும் சேர்த்ததுதான் வேடிக்கை. அவர் 12-ஆம் நூற்றாண்டில் வடக்கிலிருந்து படையெடுத்து வந்த ஜுர்ச்சென்களை எதிர்த்து நின்ற தளபதி. அந்நியனுக்குப் பணியாதவர் என்று சீனக் குழந்தைகள் பாடத்தில் படிக்கும் பெயர். அவரை ஜப்பானியர் நடத்திய வங்கி அச்சிட்டது. நான்ஜிங்கிலோ நிலைமை நேர்மாறு. தானே சன் யாட்-சென்னின் உண்மையான வாரிசு என்று வாங் ஜிங்வெய் சொல்லிக்கொண்டதால் அவருடைய நோட்டிலும் சன் யாட்-சென், பின்னால் சன்னின் கல்லறை மண்டபம். சண்டை போட்டுக்கொண்ட இரண்டு அரசுகளின் பணத்திலும் ஒரே முகம்.

இந்த நான்ஜிங் நோட்டுகளில்தான் மறைவெழுத்து வேட்டை சூடுபிடிக்கிறது. ஓரத்துப் பூவேலைக்குள் சி, ஜி, டபிள்யூ, ஆர், எஸ் என்று ஐந்து ஆங்கில எழுத்துகள் தனித்தனியாக ஒளிந்திருக்கின்றன. ‘மத்திய அரசு விரைவில் திரும்பி வரும்’ என்ற ஆங்கில வாக்கியத்தின் முதலெழுத்துகள் அவை என்பது சேகரிப்பாளர்களின் விளக்கம். 1944-இன் 200 யுவான் நோட்டில் யு, எஸ், ஏ, சி என்று நாலு எழுத்து. அமெரிக்க ராணுவம் வருகிறது என்று அதைப் படிக்கிறார்கள். தேடுகிறவன் கண்ணுக்கு எதிலும் எழுத்து தெரியும் என்று இதைத் தள்ளுபவர்களும் உண்டு. ஆனால் சீன எழுத்தில் அச்சிடும் நோட்டின் பூவேலைக்குள் ரோமன் எழுத்து தற்செயலாக வந்து உட்கார்ந்தது என்பதை நம்பத்தான் அதிகத் துணிச்சல் வேண்டும்.

ஷாங்காயில் இந்தச் சண்டை ரத்தமும் பார்த்தது. மத்திய ரிசர்வ் வங்கி அங்கே கடை விரித்ததும், போர்க்காலத் தலைநகரான சோங்சிங்கிலிருந்து இயங்கிய சியாங்கின் உளவாளிகள் அதன் அலுவலகங்களையும் ஊழியர்களையும் தாக்கினார்கள். வாங் ஜிங்வெய்யின் ரகசிய போலீஸ் ஜெஸ்ஃபீல்டு சாலை 76-ஆம் எண் கட்டடத்தில் இருந்தது. ஷாங்காய்க்காரர்கள் அந்த எண்ணைச் சொல்லவே பயந்தார்கள். 1941 மார்ச்சில் அந்தப் போலீஸ் பழிவாங்கியது. ஜியாங்சு விவசாயிகள் வங்கி ஊழியர்கள் தங்கியிருந்த விடுதிக்குள் புகுந்து சுட்டுக்கொன்றார்கள். சீன வங்கி ஊழியர்கள் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் பிணையாகப் பிடித்துப் போனார்கள். எண்ணிக் கட்டுகிற வேலைக்கு வந்த காசாளர்களும் குமாஸ்தாக்களும் எந்த நோட்டு செல்லும் என்ற வழக்கில் செத்தார்கள். 1942-இல் இரண்டு ஃபாபிக்கு ஒரு நான்ஜிங் யுவான் என்ற விகிதத்தில் மாற்றிக்கொள்ளச் சொல்லி உத்தரவு வந்தது.

ஜப்பானின் இன்னொரு ஆயுதம் கள்ளநோட்டு. டோக்கியோவை அடுத்த கவாசாகியில் நோபோரிட்டோ என்ற இடத்தில் ராணுவத்தின் ரகசிய ஆய்வுக்கூடம் இருந்தது. பசிபிக் கடலைத் தாண்டி அமெரிக்காவுக்குப் பறக்கவிட்ட வெடிகுண்டு பலூன்கள் உருவான இடமும் அதுதான். அதன் மூன்றாம் பிரிவு 1939 முதல் ஃபாபியைப் போலியாக அடித்தது. ஆரம்பத்தில் காகிதமும் அச்சும் சரிவரவில்லை. 1941 கிறிஸ்துமஸ் அன்று ஹாங்காங் விழுந்ததும் பிரச்சினை தீர்ந்தது. சோங்சிங் அரசுக்காக நோட்டு அடித்துவந்த அச்சகத்தின் அசல் தகடுகளும் இயந்திரங்களும் ஜப்பானியர் கைக்கு வந்தன. அதன் பிறகு அடித்ததைப் போலி என்று சொல்வதா, அசல் என்று சொல்வதா? தகடு அசல், அடித்தவன்தான் போலி. ஷாங்காய் வழியாக இந்த நோட்டுகளைப் புழக்கத்தில் விட்டு அரிசியும் பஞ்சும் உலோகமும் வாங்கினார்கள். மொத்தம் சுமார் 400 கோடி யுவான் அடித்ததாகச் சொல்கிறார்கள். சீனப் பொருளாதாரம் இதனால் கவிழவில்லை. சோங்சிங் அரசே அதைவிட வேகமாக அடித்துக்கொண்டிருந்தபோது 400 கோடி எம்மாத்திரம்? நோபோரிட்டோ வளாகத்தில் இன்று மெய்ஜி பல்கலைக்கழகம் நடத்தும் அருங்காட்சியகம் இருக்கிறது, 2010-இல் திறந்தார்கள்.

ஜப்பானிய ராணுவ நோட்டின் பின்பக்கத்தில் ஒரு எச்சரிக்கை அச்சாகியிருக்கும்: கள்ளநோட்டு அடிப்பவர்களும், தெரிந்தே மாற்றுபவர்களும் கடுமையாகத் தண்டிக்கப்படுவார்கள். அச்சிட்டவர்களுக்குக் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை.

எதிர்த் தரப்பும் சும்மா இருக்கவில்லை. சியாங்கின் உளவுத் தலைவர் தாய் லி பொம்மை அரசுகளின் நோட்டுகளைப் போலியாக அடிக்க ஏற்பாடு செய்தார். அமெரிக்க உதவியும் அதற்குக் கிடைத்தது. போர்க்காலத்து ‘போலி’ என்று ஒரு நோட்டைக் கண்டுபிடித்தால் சேகரிப்பாளர் வருத்தப்படுவதில்லை. அன்றைய போலி இன்றைய சரித்திரச் சான்று. நேற்று அடித்த போலிதான் வெறும் காகிதம்.

சோங்சிங்கின் நல்ல நோட்டுகள் எங்கே அச்சாயின? பலவற்றின் அடியில் மிகப் பொடியாக நியூயார்க்கின் அமெரிக்கன் பேங்க் நோட் கம்பெனி என்றும், லண்டனின் வாட்டர்லோ, தாமஸ் டி லா ரூ என்றும் ஆங்கிலத்தில் இருக்கும். கடற்கரையின் முக்கியத் துறைமுகங்கள் ஜப்பானிடம். 1942-இல் பர்மா சாலையும் அடைபட்டது. பிறகு நோட்டுக்கட்டுகள் கப்பலில் இந்தியா வந்தன. அஸ்ஸாமின் திஞ்சான் போன்ற விமானத்தளங்களிலிருந்து இமயத்தின் கிழக்குக் கோடியைத் தாண்டி குன்மிங் நகருக்குப் பறந்தன. மோசமான வானிலையாலும் மலைமுகடுகளாலும் நூற்றுக்கணக்கான விமானங்களைப் பலிவாங்கிய பாதை அது. துப்பாக்கி, பெட்ரோல், மருந்து ஏற்ற இடம் போதாத விமானத்தில் காகிதப் பணமும் இடம் கேட்டது. அப்போது சீன அரசின் நிதி ஆலோசகராக இருந்த அமெரிக்கர் ஆர்தர் யங் இந்த நிதிக் கூத்தையெல்லாம் பிற்பாடு தடிமனான புத்தகமாகவே எழுதினார். இன்று ஒரு நியூயார்க் அச்சு ஃபாபியைக் கையில் எடுப்பவர், அது இந்திய மண்ணில் இறங்கி ஏறிய நோட்டாக இருக்கலாம் என்று எண்ணிக்கொள்வதில் தவறில்லை.

அமெரிக்காவில் அச்சான இன்னொரு வகை, சுங்கத் தங்க அலகு நோட்டு. நெட்டுக்குத்தான வடிவம், சன் யாட்-சென் படம், பின்னால் ஷாங்காய்ச் சுங்க மாளிகை. முகப்பில் 1930 என்று ஆண்டு இருக்கும். இறக்குமதித் தீர்வை கட்டுவதற்காக உண்டான நோட்டு அது. 1942-இல் பணத் தட்டுப்பாடு வந்ததும் ஓர் அலகுக்கு 20 ஃபாபி என்று விலை வைத்து அதைச் சாதாரணப் பணமாகவே புழக்கத்தில் இறக்கினார்கள். ஆண்டை நம்பி ‘போருக்கு முந்தைய நோட்டு’ என்று கூடுதல் விலை கொடுக்கும் புதியவர்கள் இன்றும் உண்டு. போக்குவரத்து வங்கியின் 1914 நோட்டுகளும் இதே ரகம். பழைய ஆண்டைத் தாங்கியபடியே முப்பதுகளிலும் அச்சாகிப் புழங்கின.

இவற்றுக்கு நடுவே மூன்றாவது உலகம் ஒன்று இருந்தது. கம்யூனிஸ்டுகளின் எல்லைப் பகுதிகள். ஷாண்டோங்கில் பெய்ஹாய் வங்கி, ஹெபெய் தெற்கில் ஜினான் வங்கி, யானானில் எல்லைப் பகுதி வங்கி. சியாங்கோடு கூட்டணி உடன்பாடு இருந்ததால் யானானில் தொடக்கத்தில் வெளிப்படையாக நோட்டு அடிக்க முடியாது. அதனால் குவாங்ஹுவா கடை என்ற பெயரில் சில்லறைச் சீட்டு விட்டார்கள்: இரண்டு காசு, ஐந்து காசு, ஒரு ஜியாவ் (பத்துக் காசு) என்று. அந்த வரிசையில் முக்கால் யுவானுக்கும், அதாவது 75 காசுக்கும், ஒரு சீட்டு உண்டு. முழு யுவான் அடித்தால் அது பணமாகிவிடும்; முக்கால் வரை சில்லறைதானே! சட்டத்தைச் சாமர்த்தியமாக வளைத்ததற்கு இதைவிடச் சின்னச் சான்று கிடைக்காது. இந்த நோட்டுகள் நாட்டுக் காகிதத்தில், மலைக் கிராமத்து அச்சகங்களில், கிடைத்த மையைக் கொண்டு அடித்தவை. ஒரே மதிப்பு நோட்டு இரண்டு நிறத்தில் இருக்கும். அழகில் நியூயார்க் நோட்டுக்குப் பக்கத்தில் வைக்க முடியாது. ஆனால் மிஞ்சியவை குறைவு என்பதால் ஏலத்தில் அவற்றுக்குத்தான் அடிதடி.

ஹாங்காங்கின் கணக்கு தனி. ஜப்பானியர் வந்ததும் இரண்டு ஹாங்காங் டாலருக்கு ஒரு ராணுவ யென் என்றார்கள். 1942 ஜூலையில் நாலுக்கு ஒன்று என்றார்கள். 1943 ஜூனில் டாலர் வைத்திருப்பதையே தடைசெய்தார்கள். பிற்காலத்து ராணுவ யென்னில் வரிசை எண்கூட இல்லை. எத்தனை அடித்தோம் என்று எண்ணவே விருப்பமில்லாத பணம். 1945 செப்டம்பரில் ஜப்பானிய நிதி அமைச்சகம் அது செல்லாது என்று ஒரே வரியில் முடித்தது. கட்டுக்கட்டாக வைத்திருந்த குடும்பங்கள் 1968-இல் சங்கம் அமைத்து இழப்பீடு கேட்டன. டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 1999-இல் கையை விரித்துவிட்டது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இதே கதைதான். பத்து டாலரில் வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டு செல்லாமல் போனபோது அதைச் சேர்த்து வைத்திருந்தவர்களில் தோட்டத் தமிழர்களும் இருந்தார்கள்.

ஹாங்காங் அண்டு ஷாங்காய் வங்கியின் பெட்டகத்தில் வெளியிடாமல் கிடந்த நோட்டுகளுக்கும் ஜப்பானியர் வழி கண்டுபிடித்தார்கள். சிறைப்பட்ட வங்கி அதிகாரிகளைக் கட்டாயப்படுத்திக் கையெழுத்து வாங்கி, ஏறத்தாழ 12 கோடி டாலர் மதிப்புக்கு வெளியிட்டார்கள். வங்கியின் தலைமை மேலாளர் வேண்டலர் கிரேபர்ன் 1943-இல் சிறையிலேயே இறந்தார். போர் முடிந்தபின், சட்டவிரோதமாக வந்தவை என்றாலும் அந்த நோட்டுகளை 1946-இல் வங்கி ஏற்றுக்கொண்டது. பார்வைக்கு அவை மற்ற நோட்டுகளைப் போலவேதான் இருக்கும். வரிசை எண் எந்த எல்லைக்குள் வருகிறது என்பதை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும்.

சோதிக்கிற முறை கடினமல்ல. முதல் வேலை ஆண்டு. சீனக் குடியரசு ஆண்டோடு 1911-ஐக் கூட்டினால் நம் ஆண்டு வரும். 26 என்றால் 1937. மஞ்சூகுவோவுக்குத் தனி ஆண்டுக் கணக்கு. அடுத்து விரல். நியூயார்க், லண்டன் அச்சுகள் செதுக்கிய தகட்டிலிருந்து எடுத்தவை. மை காகிதத்தின் மேல் மேடு தட்டி நிற்கும், நகத்தால் வருடினால் தெரியும். போர் முற்றிய காலத்து உள்நாட்டு அச்சுகள் வழவழவென்று தட்டையாக இருக்கும். ஆகவே தட்டையாக இருப்பது மட்டும் போலிக்கு அடையாளம் ஆகாது. மூன்றாவது வெளிச்சம். புற ஊதா விளக்கின் கீழ் பளீரென்று நீலமாக மின்னும் காகிதத்தைச் சந்தேகிக்கலாம். காகிதத்துக்கு வெண்மை கூட்டும் அந்த ரசாயனங்கள் போருக்குப் பிறகுதான் பரவலாயின. கடைசியாக ஊர் முத்திரைகள். ஷாங்காய், தியான்ஜின், சோங்சிங் என்று ஊர்ப்பெயர் அச்சிட்டதும் அச்சிடாததும் சேகரிப்பில் வெவ்வேறு நோட்டுகள். சிவப்பில் ஓரெழுத்து கூடுதலாக விழுந்திருந்தால் விலையே மாறும். வார்டு ஸ்மித், பிரையன் மேட்ராவர்ஸ் இருவரும் 1970-இல் வெளியிட்ட சீன நோட்டுப் பட்டியல் இதற்கெல்லாம் இன்னும் கைகொடுக்கிறது. உலக நோட்டுகளுக்கு ஆல்பர்ட் பிக் கொடுத்த எண்களே வியாபாரத்தில் பேச்சுமொழி.

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. 1937-இல் சுமார் 140 கோடி யுவானாக இருந்த ஃபாபிப் புழக்கம் அப்போது 55,700 கோடி. ஏறக்குறைய 400 மடங்கு. விடுபட்ட பகுதிகளில் 200 நான்ஜிங் யுவானுக்கு ஒரு ஃபாபி என்று சோங்சிங் விகிதம் வைத்தது. கடைத்தெருவில் இரண்டுக்கும் இருந்த வாங்கும் சக்தியைப் பார்த்தால் அது பட்டப்பகல் கொள்ளை. எட்டு வருஷம் ஆக்கிரமிப்பில் தவித்தவர்களின் சேமிப்பை, மீட்க வந்த அரசே ஒரு கையெழுத்தில் துடைத்தது. சியாங்கின் அரசு மக்கள் நம்பிக்கையை எங்கே இழக்கத் தொடங்கியது என்று கேட்டால், இந்த 200-க்கு 1 என்ற கணக்கைத் தாராளமாகச் சுட்டிக்காட்டலாம்.

அப்புறம் உள்நாட்டுப் போர், அச்சு இயந்திரங்களுக்கு ஓய்வே இல்லை. 1948 ஆகஸ்டில் 30 லட்சம் ஃபாபிக்கு ஒரு தங்க யுவான் என்று புதுப் பணம் வந்தது. வீட்டிலிருக்கும் தங்கத்தையும் வெள்ளியையும் ஒப்படைக்கச் சட்டம் போட்டார்கள். ஒரு வருஷத்துக்குள் தங்க யுவானும் கவிழ்ந்து, 1949 ஜூலையில் ஒரு வெள்ளி யுவானுக்கு 50 கோடி தங்க யுவான் ஆனது. சின்ஜியாங் மாகாண வங்கி 1949-இல் அடித்த ஒரு நோட்டின் மதிப்பு 600 கோடி யுவான். பத்தாயிரம் தங்க யுவானுக்குச் சமம் என்று அதன் முகத்திலேயே விளக்கமும் போட்டிருக்கிறது.

புதிதாகச் சேர்க்க விரும்புபவர்கள் அந்த 600 கோடியிலிருந்தும், கம்யூனிஸ்ட் பகுதி நோட்டுகளிலிருந்தும் தொடங்க வேண்டாம். சந்தையில் நகல்கள் மலிந்திருப்பது அவற்றில்தான். ஐக்கிய ரிசர்வ் வங்கி, மத்திய ரிசர்வ் வங்கி, சுங்கத் தங்க அலகு ஆகியவற்றின் சாதாரண நோட்டுகள் கோடிக்கணக்கில் அச்சானவை. அதிகம் செலவழிக்காமல் இன்றும் வாங்கலாம், பொடி எழுத்து வேட்டைக்கும் அவைதான் தோது. வாங்கிய நோட்டைத் துவைக்காதீர்கள், இஸ்திரி போடாதீர்கள், ஒட்டுநாடா தொடவே கூடாது. பிவிசி உறையில் வைத்தால் சில வருஷத்தில் காகிதம் பிசுபிசுக்கும். பாலியஸ்டர் உறை கேட்டு வாங்குங்கள்.